துணை நிற்பவர்

கல்லூரி மலர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது தத்தம் பெயரைத்தான். மாணவர் தம் கவிதையைத் தேடுவர். பேராசிரியர் தம் துறையின் அறிக்கையைத் தேடுவர். பெரியோர் தம் நிழற்படத்தைத் தேடுவர். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அச்சில் ஏறிய பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு. அதனால்தான் பெயர் விடுபட்டால் மனம் வருந்துகிறது. நாம் மலர்க்குழுவில் பணியாற்றிய ஓர் ஆண்டில் ஒருவரின் பெயரை விட்டுவிட்டோம். அச்சுப் பிழையால் நேர்ந்ததன்று, அறிந்தே விட்டோம். அந்தப் பிழையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அவ்வாண்டு நம் கல்லூரிக் கூடைப்பந்து அணி, கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டி ஒன்றில் மூன்றாம் பரிசு பெற்றது. முதற்பரிசு பெற்றுப் பழகிய கல்லூரிகளுக்கு இது சிறு செய்தி. சிமெண்டுத் தரை ஒன்றும், வலை கிழிந்த வளையங்கள் இரண்டும் மட்டுமே உடைய நமக்கு அது பெருஞ்செய்தி. விளையாட்டு அறிக்கையைச் செப்பம் செய்யும் பொறுப்பு நம்மிடம் வந்தது. முதல்வர், உடற்கல்வி இயக்குநர், அணித்தலைவர், ஆட்டக்காரர் பன்னிருவர் என வரிசைப்படுத்தினோம். இறுதியில் ஒரு பெயர் எஞ்சி நின்றது. அது நம் நூலக உதவியாளர் ஒருவரின் பெயர். அவரை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது? அலுவலகப் பதிவேட்டில் அவருக்கும் விளையாட்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பயிற்றுநர் என்றால் பதவி முறை பிறழும். நூலக உதவியாளர் என்றால் கூடைப்பந்துப் பக்கத்திற்கு அது பொருந்தாது. முறை பிறழாமை காப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், அப்பெயரை அடித்துவிட்டோம்.

மலர் வெளியான மறுநாள் அவர் தமிழ்த்துறைக்கு வந்தார். கையில் மலர் இருந்தது. குறை கூறவே வருகிறார் என எண்ணி, சொல்ல வேண்டிய விடைகளை மனத்துள் அடுக்கிக் கொண்டோம்.

"சார், நம்ம பையன் ஒருத்தனோட இனிஷியல் தப்பா விழுந்திருக்கு. 'மா' இருக்க வேண்டிய இடத்துல 'மு'ன்னு இருக்கு. நாளைக்கு வேலைக்குப் போறப்ப இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவான். திருத்தி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்கன்னா நல்லது" என்றார்.

திருத்திக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். நன்றி கூறிச் சென்றார். தம் பெயரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று மாலை நெடுநேரம் துறையிலேயே அமர்ந்திருந்தோம்.

அவரும் நாமும் ஜெகதாப்பட்டினத்தைச் சேர்ந்தவர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில், மணமேல்குடி வட்டத்தில், கோட்டைப்பட்டினத்திற்கு அண்மையில் உள்ள மீன்பிடி ஊர் அது. பாக் நீரிணைப் பகுதியின் வழக்கப்படி விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குச் செல்லும். எஞ்சிய நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாள்களில் படகுகள் கரையில் நிற்கும். இளைஞர் கைகள் சும்மா இரா. கடற்கரை மணலில் இரு கம்பு நட்டுக் கைப்பந்து ஆடுவர். அவ்வாறு ஆடி வளர்ந்தவர்களுள் நம் நண்பரும் ஒருவர்.

மேல்நிலைக் கல்வி முடிந்ததும் குடும்ப வறுமை அவரைப் படகில் ஏற்றியது. ஈராண்டு கடல் தொழில். பின்னர் இக்கரையின் இளைஞர் பலரைப் போலவே வளைகுடா நாடு ஒன்றிற்குச் சென்றார். பெரியதொரு கடையின் சரக்குக் கிடங்கில் வேலை. உடன் பணியாற்றியவர்களுள் பிலிப்பைன்ஸ் நாட்டார் பலர். அந்நாட்டிற்குக் கூடைப்பந்து எத்தகையது என்பதைப் பலர் அறியார். 1954 ஆம் ஆண்டு நடந்த உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்ற நாடு அது. அங்கே சந்துதோறும் ஒரு வளையம் தொங்கும். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடித்து இவர் திரும்பும் நேரத்தில் அவர்கள் தங்குமிடத்தின் பின்புறத்தில் ஆடிக் கொண்டிருப்பர். முதலில் வேடிக்கை பார்த்தார். பின்னர்ப் பந்து பொறுக்கிக் கொடுத்தார். பின்னர் ஆள் குறைந்த ஒரு நாளில் உள்ளே இறங்கினார். ஏழாண்டு இவ்வாறு கழிந்தன. தந்தையார் நோயுற்றமையால் ஊர் திரும்பி, நம் கல்லூரி நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார்.

நம் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் ஒருவரே. கபடி, கைப்பந்து, தடகளம், மட்டைப்பந்து என எல்லாவற்றிற்கும் அவர் ஒருவரே பொறுப்பு. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றின் நிலை இதுதான். துணைப் பயிற்றுநர் என்றொரு பணியிடம் பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்தப் பணி இருக்கிறது. பணியிடம் இல்லாத பணியை யாரோ ஒருவர் செய்துகொண்டுதான் இருக்கிறார். சில இடங்களில் அவர் பழைய மாணவர். சில இடங்களில் இரயில்வேயிலோ வங்கியிலோ காவல்துறையிலோ விளையாட்டு வழியாக வேலை பெற்று, மாலையில் வந்து சொல்லித் தரும் முன்னாள் ஆட்டக்காரர். சில இடங்களில் ஆய்வக உதவியாளர். நம் கல்லூரியில் நூலக உதவியாளர்.

நான்கு மணிக்கு நூலகப் பணி முடியும். நான்கரைக்கு அவர் களத்தில் இருப்பார். அவர் கையில் ஒரு நீண்ட குறிப்பேடு. நூலகத்திற்கு வரும் புத்தகங்களைப் பதியும் பேரேட்டைப் போலவே அதிலும் கோடு கிழித்திருப்பார். எந்த மாணவன் எந்த இடத்திலிருந்து எத்தனை முறை எறிந்தான், எத்தனை விழுந்தன, எத்தனை தவறின என்பதெல்லாம் நாள்வாரியாக அதில் இருக்கும். "இடப்பக்கத்திலேருந்து பத்துக்கு ரெண்டுதான் விழுது தம்பி, வலப்பக்கம் பத்துக்கு ஆறு. அப்ப எங்கே போய் நிக்கணும்?" என்று கேட்பார். மாணவன் தானே விடை காண்பான். களைத்த மாணவனை அவன் சொல்லும் முன்னரே அறிந்து வெளியே அழைப்பார். படகில் வலை இழுப்பவனின் தோள் எப்போது தளரும் என்பதை அறிந்த கண் அது. கிடங்கில் கற்ற கணக்கும், கடலில் கற்ற பார்வையும், நூலகத்தில் கற்ற பதிவும் ஒருங்கே அந்தச் சிமெண்டுத் தரையில் பயன்பட்டன. 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்தைச் சூறையாடியபோது களத்தின் ஒரு பக்கக் கம்பமும் சாய்ந்தது. படகு இழுக்கும் கயிற்றைக் கொண்டுவந்து மாணவரோடு சேர்ந்து அதனை நிமிர்த்தியவரும் அவரே.

இவ்வளவும் நாம் அறிந்தவையே. அறிந்திருந்தும் அவர் பெயரை அடித்தோம். ஏனெனில் அவர் எங்கிருந்து வந்தார் என்பதையே நாம் பார்த்தோம். அங்கிருந்து எதைக் கொண்டுவந்தார் என்பதைப் பார்க்கவில்லை. அந்த உறுத்தலே, விளையாட்டுப் பயிற்றுநர்களின், குறிப்பாகக் கல்லூரிகளில் துணைப் பயிற்றுநராய் நின்றவர்களின், முன்வாழ்வைத் தேடிப் படிக்க நம்மைச் செலுத்தியது. படித்தவற்றுட் சிலவற்றை இங்குப் பகிர்ந்து கொள்கிறோம்.

கூடைப்பந்து ஒருவரின் வகுப்பறையில் பிறந்த ஆட்டம். 1891 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்க நாட்டின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறித்துவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராய் இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவர்க்கென இதனை அமைத்தார். பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். பதின்மூன்று விதிகள் எழுதினார். அந்தப் பத்தடி இன்றும் மாறவில்லை. அவர் சமயக்கல்வி பயின்றவர். பின்னர் மருத்துவமும் பயின்றார். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதற் பயிற்றுநராய் 1898 முதல் 1907 வரை இருந்தபோது அவர் அணி வென்றவை 55, தோற்றவை 60. ஆட்டத்தைப் படைத்தவரே அதிகம் தோற்றவர்! ஆயினும் அவரிடம் கற்றவர்கள் பெரும் பயிற்றுநராயினர். அவர்களுள் ஒருவர் ஜான் மெக்லெண்டன். கறுப்பினத்தவர் என்பதால் 1930களில் அப்பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு இடம் தரப்படவில்லை. ஆடக் கிடைக்காத அவர், நெய்ஸ்மித்திடம் பயிற்றும் கலையைக் கற்றார். பின்னாளில் டென்னசி மாநிலக் கல்லூரி ஒன்றின் அணியை 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசிய அளவில் வெற்றி பெறச் செய்தார். களத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டவர், வெளியே நின்றபடியே களத்தை வென்றார்.

நமக்கு நெருக்கமாகத் தோன்றிய மற்றொருவர் ஜான் வுடன். அவர் மொழியாசிரியர். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக் கொண்டே மாலையில் பந்து பயிற்றியவர். 1948 இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்றுநரானார். 1964 இல்தான் முதல் தேசியப் பட்டம் கிடைத்தது. 1975 வரையிலான 12 ஆண்டுகளில் பத்துப் பட்டங்கள். பெரும் ஆட்டக்காரர்கள் அவரிடம் வந்து சேர்ந்தபோதும், முதல் நாள் பாடம் காலுறையைச் சுருக்கம் விழாமல் அணிவது எப்படி என்பதே. சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் ஆட இயலாது. எழுத்திலக்கணத்தில் தொடங்காமல் யாப்பிலக்கணம் நடத்த இயலாது என்பதை அறிந்த நமக்கு இது வியப்பளிக்கவில்லை. விளக்குதல், செய்து காட்டுதல், செய்யச் செய்து திருத்துதல், மீண்டும் மீண்டும் பழக்குதல் என்பதே அவர் முறை. அது வகுப்பறையிலிருந்து களத்திற்குச் சென்ற முறை.

துணை நின்றோர் வரலாறு இன்னும் சுவையானது. மைக் ஷஷெவ்ஸ்கி என்பவர் படைத்துறை அதிகாரியாய் இருந்தவர். அப்பணியை விட்டு 1974 இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஓராண்டு துணைப் பயிற்றுநராய் நின்றார். 1980 முதல் 2022 வரை டியூக் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்றுநர். ஐந்து தேசியப் பட்டங்கள். பாட் சம்மிட் என்னும் பெண்மணி 1974 இல் டென்னசி பல்கலைக்கழகத்திற்கு மேற்படிப்பு மாணவியாகவும் துணைப் பயிற்றுநராகவும் வரவிருந்தார். தலைமைப் பயிற்றுநர் திடுமென விலகவே, 22 வயதில் முழுப் பொறுப்பும் அவர் தலைமேல் விழுந்தது. அணியின் ஊர்தியைத் தாமே ஓட்டினார். ஆட்டச் சீருடைகளைத் தாமே துவைத்தார். 2012 இல் ஓய்வு பெற்றபோது அவர் அணி வென்ற ஆட்டங்கள் 1098. ஆடவர் அணிகளின் முதன்மைப் பிரிவில் ஒரு பெண் துணைப் பயிற்றுநராய் அமர 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் அவ்வாறு அமர்ந்தவர் பெர்னடெட் லாக். அவரும் முன்பு கல்லூரி ஆட்டக்காரரே. நம் மாணவியர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

எல்லோரும் தலைமைக்கு ஏறினர் என்று எண்ணிவிடலாகாது. பில் கத்ரிட்ஜ் என்பவர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் டீன் ஸ்மித் என்னும் புகழ்பெற்ற பயிற்றுநருக்கு 1967 முதல் 1997 வரை முப்பது ஆண்டுகள் துணையாய் நின்றார். அறுபது வயதில் தலைமை கிடைத்தது. மூன்றே ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். அவற்றுள் இரண்டில் அணியை நாட்டின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக்கினார். முப்பது ஆண்டு துணை, மூன்று ஆண்டு தலைமை. அந்த முப்பது ஆண்டு இல்லையேல் இந்த மூன்று ஆண்டு இல்லை. பெயர் தெரியாமலே காலம் முழுதும் துணையாய் இருந்து ஓய்வு பெற்றோரும், தலைமைப் பயிற்றுநர் நீக்கப்பட்டபோது தாமும் வேலை இழந்தோரும் அந்நாட்டில் மிகப்பலர் என்பதையும் மறைக்கலாகாது.

நம் நாட்டிற்கு வருவோம். சென்னையில் 1920 ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். நெய்ஸ்மித் பணியாற்றிய அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்று வந்தவர் அவர். 1924 இல் பாரிசு ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. தமிழகப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விசில் ஊதிய ஆசிரியர்களுள் எத்தனையோ பேர் அக்கல்லூரி வளர்த்த மரபின் வழிவந்தோர். 1961 இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தோன்றிய பின், பயிற்றுநர் என்பது பட்டயம் பெற்றுச் செய்யும் தனித்தொழிலாயிற்று. 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தமிழ்நாட்டிற்கென உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் அமைந்தது. நம் பகுதிக்கு அண்மையில், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக் கல்லூரி உண்டு. இந்திய ஆடவர் அணி கூடைப்பந்தில் ஒலிம்பிக் கண்டது 1980 மாஸ்கோவில் ஒரே முறைதான். ஆயினும் இவ்வாட்டம் வாழ்வளிக்காத ஆட்டமன்று. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் அணித்தலைவியாய் விளங்கி 2021 இல் பத்மஸ்ரீ விருது பெற்றதை நாடறியும்.

இவற்றையெல்லாம் படித்துத் தெளிந்துவிட்டோம் என்று நாம் எண்ணியிருந்தபோதுதான் ஒரு தந்தை நம்மைக் காண வந்தார்.

அவர் விசைப்படகில் வேலை செய்பவர். தடைக்காலம் ஆதலால் கரையில் இருந்தார். அவர் மகன் நம் துறையில் இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு. கூடைப்பந்து அணியில் முதன்மை ஆட்டக்காரன். படிப்பு முடிந்ததும் உடற்கல்வியியல் பயின்று பயிற்றுநராக வேண்டும் என்பது அவன் விருப்பம். "கோச் அண்ணன் மாதிரி ஆகணும்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். நம் நண்பரை மாணவர் அழைக்கும் பெயர் அது.

"சார், அவன் அந்த நூலகத்துத் தம்பியைப் பாத்துட்டு இப்படிச் சொல்றான். தம்பி நல்ல மனுசன், நான் குறை சொல்லல. இதுல என்ன உத்தியோகம் கிடைக்கும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

நாம் படித்தவற்றை எளிமையாக எடுத்துரைத்தோம். உடற்கல்விப் பட்டம், பின்னர் மேற்பட்டம், பாட்டியாலாப் பட்டயம், பள்ளி ஆசிரியர் பணி, கல்லூரி இயக்குநர் பணி என வழிகளை வரிசைப்படுத்தினோம். இடங்கள் குறைவு, போட்டி மிகுதி என்பதையும் மறைக்கவில்லை. அமெரிக்கக் கதைகளையும் இரண்டொன்று சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னர் ஒரு கேள்வி கேட்டார்.

"படகுல டிரைவர் ஒருத்தர்தான் சார். ஆனா பக்கத்துல நிக்கிறவனுக்கும், வலை இழுக்கிறவனுக்கும், சோறாக்குற பையனுக்கும் பங்கு உண்டு. கூடக் குறைய இருக்கும்; ஆனா பங்கு இல்லாம ஒருத்தனும் கரையேற மாட்டான். உங்க காலேஜில அந்தத் தம்பிக்கு என்ன பங்கு?"

நம்மிடம் விடை இல்லை. உலகிற் பல கல்லூரிகளின் பயிற்றுநர் வரலாற்றைச் சொல்லத் தெரிந்த நமக்கு, நம் கல்லூரியைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஊதியம் இல்லை, மதிப்பூதியம் இல்லை, நாம் எழுதிய அறிக்கையில் பெயர்கூட இல்லை. அந்தத் தந்தையின் அச்சம் விளையாட்டைப் பற்றியதன்று. தம் மகனும் ஒரு நாள் பங்கில்லாமல் கரையேறுவானோ என்பதே அவர் அச்சம். அது நியாயமான அச்சம்.

அன்றிரவு நாம் எண்ணியவை இரண்டு. ஒன்று நம் மார்க்கம் சார்ந்தது. மூஸா நபி (அலை) அவர்கள் பெரும் பொறுப்பு ஒன்றை ஏற்றபோது, தம் உடன்பிறந்தார் ஹாரூன் (அலை) அவர்களைத் தமக்குத் துணையாக்கித் தருமாறு இறைவனிடம் இறைஞ்சினார்கள் எனத் திருக்குர்ஆன் தாஹா அத்தியாயத்தில் உரைக்கிறது. இறைத்தூதரே துணை வேண்டினார்கள். வேண்டியது கிடைத்ததும் அத்துணைவரின் பெயர் மறைக்கப்படவில்லை. காலமெல்லாம் ஓதப்படும் வேதத்தில் இருவர் பெயரும் அருகருகே நிற்கின்றன.

மற்றொன்று நாம் நாள்தோறும் கற்பிக்கும் இலக்கணம் சார்ந்தது. துணைவினை என்று கரும்பலகையில் எழுதுகிறோம். 'வந்துகொண்டிருக்கிறான்' என்னும் சொல்லில் வருதல்தான் தலைமையான பொருள். ஆயினும் காலம் காட்டுவது எது? ஆணென்றும் ஒருவனென்றும் காட்டுவது எது? துணையாய் வந்த 'இரு' என்னும் வினையே. 'வந்து' என்பது மட்டும் நின்றால் தொடர் முடிவதில்லை. தலைமைச் சொல் எச்சமாய் நிற்க, துணைச் சொல்லே அதனை முற்றாக்குகிறது. இருபது ஆண்டுகளாக இதனைக் கற்பித்தும், நம் களத்தில் நின்ற துணையை நாம் அறியாமற் போனோம். ஒருவரை ஆராய்ந்து அவருக்கு உரிய பணியில் அமர்த்துதலைத் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமாகவே வகுத்த திருக்குறளையும் நாம்தான் கற்பிக்கிறோம்.

மறுவாரம் உடற்கல்வி இயக்குநரைக் கண்டு பேசினோம். "நான் இரண்டு முறை வாய்மொழியாகக் கேட்டேன்; எழுத்தில் கேட்கவில்லை. நீங்கள் எழுதுங்கள், நான் கையொப்பமிடுகிறேன்" என்றார். மூன்று வேண்டுகோள்களை எழுதினோம். கூடைப்பந்து அணிக்குத் துணைப் பயிற்றுநர் என அவரை முறையாக அறிவித்தல். அப்பணிக்குத் திங்கள்தோறும் ஒரு மதிப்பூதியம் வழங்குதல். பாட்டியாலா நிறுவனம் நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சிக்கு விடுப்பும் செலவும் தந்து அவரை அனுப்புதல். முதல்வர் அவர்கள் முதல் வேண்டுகோளை உடனே ஏற்றார்கள். எஞ்சிய இரண்டும் ஆட்சிக்குழுவின் பார்வைக்குச் சென்றுள்ளன.

இதற்கிடையே நண்பருக்குப் பழைய இடத்திலிருந்து மீண்டும் அழைப்பு வந்திருக்கிறது. மகளின் திருமணம் அண்மையில் உள்ளது. நூலக உதவியாளரின் ஊதியம் எவ்வளவு என்பதை இம்மலரைப் படிக்கும் எல்லோரும் அறிவர். "போகணும்னு ஆசை இல்ல சார். ஆனா கணக்கு ஒத்துவரல. இந்த வருசப் போட்டி முடியட்டும், பசங்களை விட்டுட்டு நடுவுல போக முடியாது" என்றார். அவரைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. அவர் சென்றால் யாரையும் குற்றம் சொல்லவும் இயலாது. ஆனால் அவர் இருக்க விரும்பியும் நாம் இருத்திக் கொள்ளத் தவறினோம் என்ற நிலை வரலாகாது. கல்லூரிக்குக் கட்டடம் தந்த பெரியோர் உண்டு. தண்ணீர்த் தொட்டி தந்த பெரியோர் உண்டு. ஏழை மாணவர்க்குக் கல்விக் கட்டணம் தரும் பெரியோர் உண்டு. ஒரு துணைப் பயிற்றுநரின் மதிப்பூதியத்தை ஏற்பதும் அத்தகைய அறமே என்பதைச் சமுதாயப் பெரியோர்க்குப் பணிவுடன் நினைவூட்டுகிறோம்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்பதை மறைக்க முயலாதீர்கள். படகில் நின்ற நாள்களும், கடையில் சரக்கு அடுக்கிய நாள்களும், தாய்க்கு உதவியாய் மீன் கூடை சுமந்த நாள்களும் வீண் நாள்கள் அல்ல. ஆங்கில ஆசிரியர் தம் வகுப்பறையைக் களத்திற்குக் கொண்டு சென்றார். படைத்துறை அதிகாரி தம் ஒழுங்கைக் கொண்டு சென்றார். நம் நண்பர் நூலகப் பேரேட்டைக் கொண்டு சென்றார். நீங்களும் ஏதேனும் ஒன்றைக் கொண்டு செல்வீர்கள்.

இக்கட்டுரையில் அவர் பெயர் ஏன் இல்லை எனச் சிலர் கேட்கலாம். கையெழுத்துப் படியை அவரிடம் காட்டினோம். "என்னைப் பத்தி இவ்வளவு எழுதிட்டீங்க, பேரு வேணாம் சார், கூச்சமா இருக்கு" என்றார். அவர் விருப்பத்தை மதித்தோம். ஆனால் இம்மலரின் பிற்பகுதியில் கூடைப்பந்து அணியின் பட்டியல் உள்ளது. அதில் உடற்கல்வி இயக்குநரின் பெயருக்கு அடுத்த வரியில், துணைப் பயிற்றுநர் என்னும் சொல்லுக்கு நேராக, ஒரு பெயர் இருக்கிறது. அதனை அன்புகூர்ந்து பாருங்கள். இம்முறை தலைப்பெழுத்தையும் நாமே இருமுறை சரிபார்த்தோம்.

அந்தத் தந்தைக்கு நாம் சொல்ல வேண்டிய விடையில் பாதி இப்போது அச்சில் ஏறிவிட்டது. எஞ்சிய பாதி, இன்ஷா அல்லாஹ், ஆட்சிக்குழுவின் அடுத்த கூட்டத்தில் கிடைக்கும் என நம்புகிறோம். துணை நிற்போர்க்கும் உரிய பங்கினைத் தரும் நல்ல உள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!